ஏழாள் கசத்துக்கு வண்டி இல்லை

காலை ஏழு மணிக்குத் தாரணி போன் போடுவாள். சாமி கும்பிடுவது, கடை திறப்பது, டீ குடிப்பது எல்லாம் அதற்கப்புறம்தான்.

“அக்கா, பூண்டு காயுதா?”

மேல்மலையில், பூம்பாறை கிராமத்தில் போனை எடுப்பது சோலையம்மாள், தாரணியின் கணவன் வேல்ராஜுக்கு அண்ணன் மனைவி.

“காயுது தாயி. வெள்ளனே களத்துல பரத்திட்டோம். வானம் வெளுத்துக் கெடக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. நலம் விசாரிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

பூண்டு காய்ந்தால் மேல்மலையில் மழை இல்லை. பூண்டை அள்ளினால் மழை வரப்போகிறது. வானிலைக்காரர்கள் மாவட்டத்துக்கே மொத்தமாக ஒரு சேதி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பூண்டு போட்டவளோ தன் களத்துக்கு நேர் மேலே நிற்கிற மேகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். நனைந்தால் நஷ்டம் அவளுக்கு. அதனால் அவள் பார்வையில் தப்பு வராது. பூண்டு இல்லாத மாதங்களில் தாரணி பீன்ஸைப் பற்றிக் கேட்பாள், கேரட்டைப் பற்றிக் கேட்பாள். ஏதாவது ஒன்றைக் கேட்காமல் பலகையில் கை வைக்க மாட்டாள்.

பலகை என்றால் கரும்பலகை. கொடைக்கானலில் வேன் ஸ்டாண்டுக்கு எதிரே ‘நல்லசாமி டிராவல்ஸ்’ என்று ஒரு சின்னக் கடை. மாமனார் நல்லசாமி இறந்து சுவரில் படமாகிவிட்டார். மேஜையில் தாரணி, ஒரே ஒரு வேனில் வேல்ராஜ், போனிலும் கம்ப்யூட்டரிலும் புக்கிங் பிடிக்க வேல்ராஜின் தங்கை பிரியா. மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான். கடை வாசலில், ஆள் உயரத்துக்கு, அந்தப் பலகை.

பலகையின் இடது பாதியில் சலுகைகள். ‘மன்னவனூர் ஒரு நாள். ஆறு பேர் போனால் மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.’ ‘வாரநாளில் வருகிறவர்களுக்கு இரண்டாம் நாள் பாதிக் கட்டணம்.’ வலது பாதியில் எச்சரிக்கைகள். ‘குரங்கு இருக்கும் இடத்தில் கையில் சோளக்கதிர் வேண்டாம்.’ ‘காட்டெருமை நின்றால் நீங்களும் தள்ளி நில்லுங்கள். அதற்குப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை இல்லை.’ ‘வாந்தி வருகிறவர் வெட்கப்படாமல் முன்சீட்டில் ஏறுங்கள்.’ ஒரு பக்கம் ஆசை காட்டி மறுபக்கம் பயம் காட்டுகிற கடை என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவாள்.

மற்றதெல்லாம் தினமும் மாறும். அடியில் மஞ்சள் சாக்பீஸில் இருக்கிற வரி மட்டும் மாறாது. ‘ஏழாள் கசத்துக்கு எங்களிடம் வண்டி இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் இல்லை.’

மேல்மலையிலிருந்து இறங்குகிற ஓடை ஒரு பாறை இடுக்கில் தேங்கி நிற்கிற இடம் ஏழாள் கசம். கரையில் முழங்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. நாலடி நகர்ந்தால் கால் எட்டாது. மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து அடிக்கும். ஏழு ஆள் ஆழம் என்று அந்தக் காலத்தில் யாரோ புத்தியுள்ளவன் பெயர் வைத்தான். இப்போது புதிதாக வந்த ரிசார்ட்டுக்காரர்கள் முதல் வேலையாக அந்தப் பெயரை மாற்றினார்கள். ‘ஹெவன் பூல்’. செல்போனில் பாட்டுப் போட்டு, அரை நிமிஷ வீடியோ விட்டு, ஒரு நாள் பேக்கேஜில் கடைசி ஐட்டமாகச் சேர்த்துவிட்டார்கள். சொர்க்கம் என்று சொன்னதிலும் பொய் இல்லை, எந்த வழியாகப் போவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த ரிசார்ட்டுக்கு ஜீப் விடுகிறவன் மனோஜ்குமார். நாலு ஜீப் சொந்தம். வேன், ஜீப் உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். மே மாத ஸீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, சங்கத்து ஆள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

“தங்கச்சி, ஒரே ஒரு வரி. அந்த மஞ்ச வரியத்தான் அழிக்கச் சொல்றேன். மத்தபடி நீ கொரங்கப் பத்தி எழுது, மாட்டப் பத்தி எழுது, எவன் கேட்டான்?”

“அந்த ஒரு வரிக்காகத்தாண்ணே பலகையே வச்சிருக்கேன்.”

“நேத்து மட்டும் பதினோரு பேரு உன் வாசல்ல நின்னு வாசிச்சிட்டு, ஹெவன் பூலும் கசமும் ஒண்ணுதான்னு உன்னக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, ரிசார்ட்டுக்குப் போன் போட்டு கேன்சல் பண்ணிருக்காங்க.”

“பதினொண்ணா? நான் எட்டுன்னுல்ல நெனச்சேன்.”

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பிரியா சிரிப்பை அடக்கி இருமினாள். மனோஜ்குமாருக்கு முகம் சிவந்தது.

“வெளையாடாத. நாங்க ஒண்ணும் பாதுகாப்பு இல்லாம கூட்டிட்டுப் போகல. லைப் ஜாக்கெட் குடுக்குறோம்.”

“ஜீப்புக்கு எத்தன?”

பின்னால் நின்ற இருவரில் ஒருவன் வெகுளி. “மொத்தமா ரெண்டு இருக்குங்க” என்றான். மனோஜ்குமார் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

“கேட்டுக்கம்மா. நாளைக்குக் காலையில பத்து மணி. அதுக்குள்ள வரி அழியலன்னா வேலுவுக்கு ஸ்டாண்டுல டர்ன் கெடையாது. இந்த ஸீசன் முழுக்க.”

ஸ்டாண்டில் வண்டிகள் வரிசைப்படிதான் ஆள் ஏற்றும். வரிசையில் இல்லாத வண்டியை எந்த லாட்ஜும் கூப்பிடாது. ஒற்றை வேனை வைத்துக்கொண்டு மே மாதம் சும்மா நிற்பதென்றால் அந்த வருஷமே போயிற்று. தாரணிக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கெட்ட குணம். மிரட்டினால் முதுகு நிமிர்ந்துவிடும்.

“டர்ன வெட்டணும்னா வெட்டிக்கங்க. வரி அழியாது.”

“அப்ப அதுக்குப் பக்கத்துலயே நானும் ஒரு வரி எழுதுவேன்.” மனோஜ்குமார் குரலை இறக்கினான். “மூணு வருசத்துக்கு முன்னாடி அந்தத் திருப்பூர்ப் பொண்ணு எந்த வண்டியில ஏறி கசத்துக்குப் போச்சுன்னு எழுதுவேன். வண்டி நம்பரு, டிரைவரு பேரு, எல்லாம். வாசிச்சிட்டு அப்புறம் எவன் உங்க வண்டியில ஏறுறான்னு பாப்போம்.”

வாசலில் வேல்ராஜ் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் பாதியில் நின்றது. அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், கடைக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

மனோஜ்குமார் சொன்னது பொய்யில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சித்திரையில், திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிற ஐந்து பேர் இவர்கள் வேனில்தான் கசத்துக்குப் போனார்கள். அப்போது இந்தக் கடையும் அந்தப் பேக்கேஜை விற்றது. வேல்ராஜ் பூம்பாறையில் பூண்டுக் களத்தில் பிறந்து வளர்ந்தவன். அன்றைக்கு அவன் தலைக்கு மேலே மட்டும் அண்ணாந்து பார்த்தான். நல்ல வெயில். “பயப்படாமக் குளிங்க” என்று அனுப்பிவிட்டு ரோட்டில் வேன் பக்கத்தில் நின்றான். மேற்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றேகால் மணிக்குத் தண்ணீர் வந்தது. நாலு பேர் பாறையில் ஏறித் தப்பினார்கள். ரம்யா என்ற இருபத்துநாலு வயதுப் பெண் தப்பவில்லை.

விபத்து என்று கேஸ் முடிந்தது. ஊரும் கொஞ்ச நாள் பேசி ஓய்ந்தது. ஆனால் வேல்ராஜ் அன்றைக்குப் பிறகு வண்டியில் ஏறுகிறவர்களிடம் வாய் திறந்து பேசுவதில்லை. முன்பெல்லாம் வளைவுக்கு வளைவு கதை சொல்லி ஆளைச் சிரிக்க வைக்கிறவன். இப்போது ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே போய் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே வருகிறான். ஊரில் எவன் பார்த்தாலும், தன்னை அந்தப் பெண்ணைக் கொன்றவனாகப் பார்ப்பதாக அவனுக்கு எண்ணம். அந்த எண்ணம் இருக்கிற ஆளின் பெயரைப் பலகையில் எழுதுவேன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனால் தாரணி என்ன செய்வாள்?

அது மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பாள். அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது.

ரம்யா இறந்த அன்றைக்குப் பதினோரு மணிக்குச் சோலையம்மாள் கடைக்குப் போன் செய்தாள். கொழுந்தன் குடும்பத்துக்குப் பூண்டு கொடுத்தனுப்புவதைப் பற்றிப் பேச வந்தவள், நடுவிலேயே, “இரு தாயி, மழை எறங்குது, பூண்டு அள்ளணும், அப்புறம் பேசுறேன்” என்றாள். தாரணியின் எதிரே சேலத்து ஜோடிகள் இரண்டு உட்கார்ந்திருந்தன. “சரிக்கா, வையுங்க, ஆள் வந்திருக்காங்க” என்று வைத்துவிட்டாள். எதிரே இருந்தவர்களுக்கு அவள் விற்றுக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? அதே கசம். இன்றைக்கு மட்டும் சலுகை விலையில்.

மழை என்றால் பூண்டுக்கு ஆகாது என்று மட்டும்தான் அன்றைக்கு அவள் மனதில் பட்டது. தண்ணீர் வருவதற்கு இரண்டேகால் மணி நேரம் இருந்தது. ஒரு போன் போதும். அவள் போடவில்லை. சோலையம்மாளுக்கோ அந்தப் பேச்சு நடந்ததே ஞாபகமில்லை. தாரணி யாரிடமும் சொல்லவில்லை. பழி முழுவதையும் வேல்ராஜ் தூக்கிக்கொண்டு நடந்தான், அவள் பக்கத்திலேயே நடந்தாள். பலகையை மட்டும் வாங்கி வந்து வாசலில் வைத்தாள்.

மத்தியானம், பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யார் தட்டிலும் சோறு குறையவில்லை.

“ரெண்டு மாசத்துக்கு மட்டும் அழிச்சிருங்க மதினி” என்றாள் பிரியா. “ஸீசன் முடிஞ்சதும் மறுபடி எழுதிக்குவோம்.”

“ஸீசன்லதான் ஆளு போகும். ஸீசன் முடிஞ்சப்புறம் யாருக்கு எழுத? கொரங்குக்கா?”

வேல்ராஜ் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். “அழிச்சிரு தாரணி.”

“நீங்களுமா?”

“அவன் சொன்னா செய்வான். என் பேர எழுதுவான். ஸ்டாண்டுல நிக்கிறவன் பூராவும் வாசிப்பான். நம்ம புள்ள ஸ்கூல்ல வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைக வாசிக்கும்.”

“நாளைக்கு இன்னொரு பொண்ணு போவா.”

“போகக் கூடாதுன்னுதான் எனக்கும்.” அவன் கையைக் கழுவ எழுந்தான். “என்னால முடியல, அவ்வளவுதான்.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிரியா இருக்கிறாளே, சோறு காய்கிறதே என்று ஏதோ ஒரு சாக்கு. சொல்லவில்லை. அவளுக்கே அவள் மேல் எரிச்சலாக வந்தது. ஊரை எச்சரிக்கப் பலகை வைத்தவளுக்குப் புருஷனிடம் ஒரு உண்மை சொல்லத் தைரியமில்லை.

மறுநாள் காலை ஏழு மணி.

“அக்கா, பூண்டு காயுதா?”

“எங்கிட்டு? வெரசா அள்ளிக்கிட்டிருக்கோம். மேக்க கருகருன்னு கெடக்கு. மத்தியானத்துக்குள்ள எறங்கிரும்.”

கொடைக்கானலில் அப்போது நல்ல வெயில். துணி துவைத்துப் போட்டால் அரை மணியில் காயும் வெயில். தாரணி வலது பாதியில் எழுதினாள். ‘மேல்மலையில் பூண்டு அள்ளுகிறார்கள். இன்றைக்கு எந்த ஓடையிலும் இறங்க வேண்டாம்.’ அடியில் மஞ்சள் வரி அப்படியே இருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

பத்து மணிக்கு எதிரே மனோஜ்குமாரின் மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. ரிசார்ட்டில் தங்கியிருந்தவர்கள் கண்ணாடி, தொப்பி, துண்டோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மனோஜ்குமார் நேரே பலகைக்கு வந்தான். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் பின்னால். ஸ்டாண்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“அழியலயே தங்கச்சி.”

“அழியாதுன்னு நேத்தே சொன்னேன்.”

“அப்ப என் மேல வருத்தப்படக் கூடாது.” அவன் பலகை ஓரத்தில் இருந்த வெள்ளை சாக்பீஸை எடுத்தான்.

தாரணி வழி மறித்து நின்றாள். அப்போது கடைக்குள்ளிருந்து வேல்ராஜ் வந்தான். அழிக்கத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள், ஏனென்றால் அவன் கையில் ஈரத்துணி இருந்தது.

துணியால் அவன் அழித்தது இடது பாதியை. மன்னவனூர் போயிற்று, மத்தியானச் சாப்பாடு போயிற்று, பாதிக் கட்டணம் போயிற்று. சலுகை அத்தனையும் அழிந்து அந்தப் பக்கம் சுத்தமாக நின்றது. பிறகு மனோஜ்குமாரிடம் கை நீட்டினான்.

“குடு மனோஜு. நம்பரு உனக்குச் சரியாத் தெரியாது.”

மனோஜ்குமார் என்ன நினைத்தானோ, கொடுத்துவிட்டான். வேல்ராஜ் எழுதினான். படிப்பு எட்டாவதோடு சரி. எழுத்து பெரிது பெரிதாக வரும்.

‘மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கசத்துக்கு ஐந்து பேரைக் கூட்டிப் போனது நான். நாலு பேரைத்தான் திரும்பக் கொண்டுவந்தேன். தலைக்கு மேலே வெயில் அடித்தது. பயப்படாமல் குளிக்கச் சொன்னேன்.’ கீழே வேன் நம்பர். அதற்குக் கீழே, ‘வேல்ராஜ், டிரைவர்’.

மூன்று வருஷமாகக் குனிந்த தலை நிமிர்ந்து மனோஜ்குமாரைப் பார்த்தது.

“வேற ஏதும் விட்டுப்போச்சா?”

மனோஜ்குமார் சாக்பீஸ் இல்லாத தன் கையைப் பார்த்தான். கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எதிராளியே வாங்கி, வாசலில் மாட்டிவிட்டான். இனி எதைக் காட்டி மிரட்டுவது?

தாரணிக்குப் பெருமை பாதி, வெட்கம் பாதி. இந்த மனுஷன் தன்னுடையதை எழுதிவிட்டான். இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தன்னை விடக் கேவலமானவள் இந்த மலையில் இல்லை என்று தோன்றியது. அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். முதல் எழுத்து கோணலாக வந்தது. விடாமல் எழுதினாள்.

‘அன்றைக்குப் பதினோரு மணிக்கு மேலே மழை, பூண்டு அள்ளுகிறோம் என்று எனக்குப் போன் வந்தது. அவரிடம் நான் சொல்லவில்லை. தாரணி.’

ஒரு வரி இடம் மிச்சமிருந்தது. அதையும் நிரப்பினாள். ‘இன்றைக்கும் பூண்டு அள்ளுகிறார்கள்.’

வேல்ராஜ் அதை வாசித்தான். ஒருமுறை வாசித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் ஜீப்பின் டிரைவர் சந்தோஷ்குமார் இறங்கி வந்தான். அவனும் மேல்மலைக்காரன்தான். அவன் வீட்டிலும் பூண்டு உண்டு.

“மதினி, நெசமாவே அள்ளுறாங்களா?”

“ஏழு மணிக்கே அள்ளிக்கிட்டிருந்தாங்க. உங்க அம்மாவுக்கும் போன் போட்டுக் கேளு.”

அவன் போட்டான். அரை நிமிஷம் கேட்டான். பிறகு ஜீப்புக்குப் போய் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினான்.

“ஏலே, என்னடா பண்ற?” என்றான் மனோஜ்குமார்.

“எங்க வீட்லயும் அள்ளுறாங்கண்ணே. நான் போகல. நீங்க வேணா ஓட்டிட்டுப் போங்க.”

அதற்குள் ஜீப்பிலிருந்த ஒரு அம்மாள் துண்டைத் தோளில் போட்டபடி பலகைக்கு முன்னால் வந்து நின்று, வாய்விட்டு வாசித்தாள். வாசித்து முடித்ததும் பின்னால் திரும்பி, “எறங்குங்க எல்லாரும்” என்றாள். மற்ற இரண்டு ஜீப்பும் அதற்கப்புறம் காலியாக அதிக நேரம் ஆகவில்லை.

“டர்ன் கெடையாது வேலு” என்றான் மனோஜ்குமார். “ஸீசன் முழுக்கக் கெடையாது. பலகைய வச்சுக் கும்பிட்டுக்கிட்டுக் கெடங்க.”

“கடை வாசல்ல நிறுத்திக்கிறேன்” என்றான் வேல்ராஜ். “வாசிச்சிட்டு ஏறுறவன் ஏறட்டும்.”

அன்றைக்கு யாரும் ஏறவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவர்கள் வாசித்தார்கள், வேனைப் பார்த்தார்கள், வேல்ராஜைப் பார்த்தார்கள், அடுத்த கடைக்குப் போனார்கள். ஒரு மணிக்கு மேற்கே இடித்தது. கசத்தில் தண்ணீர் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. போய்ப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

ஸ்டாண்டு ஓய்ந்த பிறகு வேல்ராஜ் கடைக்குள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். சேலத்து ஜோடிகள் உட்கார்ந்த அதே நாற்காலிகளில் ஒன்று.

“நீ கூப்பிட்டிருந்தாலும் கெடச்சிருக்காது” என்றான். “அங்கன சிக்னல் இருக்காது.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் போதும், அவள் தப்பித்துக்கொள்ளலாம். அவனே கொடுக்கிறான்.

“இருக்கும்” என்றாள் தாரணி. “வேன் நின்னது ரோட்டுல. ரோட்டுல ரெண்டு கோடு காட்டும். கெடச்சிருக்கும். நான் கூப்பிடல.”

அவன் எழுந்து போய் வேனைப் பூட்டினான். வீட்டுக்கு நடக்கும்போது அவளோடு பேசவில்லை. சாப்பிட்டான், படுத்தான். தன் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் தாரணி பட்டதில்லை. ஸ்டாண்டே எதிர்த்து நின்றபோது வராத பயம்.

காலையில் ஏழு மணிக்கு அவள் போனைத் தேடினாள். வழக்கமாக வைக்கிற இடத்தில் இல்லை. வாசலில் வேல்ராஜ் பேசும் குரல் கேட்டது.

“மதினி, பூண்டு காயுதா? இருங்க, இருங்க, அவளும் வரட்டும்.” அவளைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்து இருவருக்கும் நடுவில் பிடித்தான். “ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டிருக்கோம், சொல்லுங்க.”